அந்த வீடு நான் எடுத்த வீடல்ல

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலையல்ல. பத்தாம் வகுப்புச் சோதனையை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். அதற்குப் பிறகு எழுதியவை கடிதங்களும் விண்ணப்பப் படிவங்களும்தான். கடிதங்களில் பொய் எழுதினேன், படிவங்களில் பிழை எழுதினேன். கூட்டங்களில் கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் இருப்பவன். "நீங்களும் ரெண்டு வார்த்தை கதையுங்கோ" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், நன்றியுரை தொடங்கும் முன்பே எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு நன்றியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவியிடம் சொன்னபோது, "நீங்களோ?" என்று கேட்டுவிட்டு, வெங்காயம் வெட்டுவதைத் தொடர்ந்தார். அந்த ஒரு சொல்லே போதுமான விமர்சனம். ஆனாலும் எழுதுகிறேன்.

காரணம், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் வாசித்த நன்றிப் பட்டியல். தேவாலயத்துக்கு நன்றி சொன்னார்கள். சம்பளம் வாங்காமல் வழக்குப் பேசிய சட்டத்தரணிக்கு, ஜெர்மன் படிப்பித்த ஆசிரியைக்கு, ஒலிபெருக்கி இரவல் தந்த பீலெஃபெல்ட் சங்கத்துக்கு எல்லாம் சொன்னார்கள். கடைசியில், "எங்களுக்கு இந்த ஊரிலை முதன்முதல் வீடு எடுத்துத் தந்த அண்ணை" என்று என் பக்கம் கையைக் காட்டினார்கள். கைதட்டல். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, எல்லை தாண்டி, ரயில் ஏறி மேற்கு ஜெர்மனிப் பக்கம் வந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் என்னுடைய அந்த இரண்டு அறை வீட்டுத் தரையில்தான் முதல் மாதங்களில் படுத்தெழும்பினார்கள். குளிர்காலத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள், குளியலறையில் ஒருவர் உட்பட. "அண்ணை கெட்டிக்காரன். நாங்கள் பிறந்து தவழேக்கையே வெள்ளைக்காரன்ரை வீட்டை எடுத்திட்டார்" என்று பேசிக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை. தேங்காய்ச் சம்பலைப் பரிமாறிக்கொண்டு, கெட்டிக்காரன் சிரிப்பது போலச் சிரித்திருக்கிறேன்.

உண்மை இது. அந்த வீட்டில் எனக்கு முன்பு ஒரு கறுப்பு அமெரிக்கச் சார்ஜண்ட் குடும்பத்தோடு இருந்தார். அவருக்கும் அதை முதலில் தர மறுத்தார்கள். அவரும் அவருடைய தோழர்களும் சண்டை பிடித்து அதை வாங்கினார்கள். துப்பாக்கிச் சண்டையல்ல. பெயர், விலாசம், நேரம் எழுதி, கையெழுத்து வைத்து, அதிகாரிக்கு முன்னால் போய் நின்று பிடித்த சண்டை. அந்த வித்தையை அவர்களுடைய சனங்கள் கடலுக்கு அப்பால் பல வருஷமாகப் பழகியிருந்தார்கள். மாற்றலாகிப் போகும்போது அவர் வீட்டுச் சொந்தக்காரரிடம், "எனக்குப் பிறகு என்னுடைய சட்டைகளை இஸ்திரி போட்டு மினுக்குகிறவர் வருவார். எனக்குத் தந்தது போல அவருக்கும் தாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் செய்ததெல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதுதான்.

அவர்களுக்கு எங்கள் நன்றிப் பட்டியலில் இடமில்லை. அந்தப் பிழையைத் திருத்தவே எழுதத் தொடங்கினேன். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால், பாதியைச் சொல்லி மீதியை ஒளிக்கிறேன் என்றாகும். அந்த வீட்டுக்கு முன்பு இன்னொரு வீடு இருந்தது. அதை நானாகவே எடுத்தேன். என்னுடைய கெட்டித்தனம் முழுவதும் அதில்தான் செலவானது.

அறுபத்தெட்டில் வந்தேன். கொழும்பிலிருந்து கப்பலில் மார்செய், அங்கிருந்து ரயில். அப்போது கலியாணம் கட்டி ஆறு கிழமை. இயந்திரத் தொழில் பழகுவதாகத்தான் ஏற்பாடு. மூன்று மாதம் கழிந்ததும், பழக்கியவர் நான் அராவிய இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு இரும்புக்காக இரக்கப்பட்டார். அத்தோடு அது முடிந்தது. நெக்கார் ஆற்றுப் பக்கம் ஒரு பட்டினத்தில், அமெரிக்கப் படைமுகாமுக்கு அருகே இருந்த சலவைச்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. படையினரின் உடுப்புகள் மலைபோல வரும். என்னை மேல்மாடியில் மினுக்குகிற மேசையில் விட்டார்கள். அந்த வேலை மட்டும் எனக்குக் கைவந்தது. ஏன் என்று எனக்கே தெரியாது. என் கையால் மடிப்பு வைத்த காற்சட்டையில் பாக்கு வெட்டலாம் என்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஊரில் எங்கள் வீட்டு உடுப்புகளை எடுத்துப்போய் வெளுத்துக் கொண்டுவருகிற கட்டாடியார் முற்றத்தோடு நிற்பார், விறாந்தையில் ஏறமாட்டார். அவருக்குத் தேத்தண்ணி தனித் தகரப் பேணியில். அந்தப் பேணி வேலிக் கதியாலில் கொழுவியிருக்கும். எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமையில்லாத சனங்கள் குடத்தோடு வந்து காத்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் அள்ளி ஊற்றுவேன், வாளி குடத்தில் முட்டாமல் உயரத்தில் இருந்து. ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றுவேன் என்று எனக்குப் பெருமை. அதில் ஒரு குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றியதேயில்லை. மழைக்குக் குடை பிடிப்பது போல, அது ஒரு ஏற்பாடு.

அப்படி வளர்ந்தவனைப் பிடித்து, ஐரோப்பாவின் பெரிய அழுக்குடுப்புக் குவியல் ஒன்றுக்கு முன்னால் கடவுள் நிறுத்தியிருந்தார். நான் வீட்டுக்கு எழுதினேன்: "துணி ஆலையில் வேலை. மேற்பிரிவில் வைத்திருக்கிறார்கள்." மாமனார் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அறையில் என்னோடு இன்னொருவர் இருந்தார். பக்கத்து ஊர்க்காரர், நாற்பது தாண்டியவர், கலியாணம் கட்டாதவர், சலவைச்சாலையின் கொதிகலனுக்கு நிலக்கரி போடுகிறவர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுக்கு எழுதும்போது தன்னை எஞ்சினியர் என்று எழுதுவார். "பொய்யில்லை தம்பி. எஞ்சினுக்குப் பக்கத்திலைதானே நிக்கிறன்" என்பார். எங்கள் இருவருக்கும் ஒருவர் கடிதத்தை ஒருவர் வாசிப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது.

வியாழக்கிழமைகளில் முகாமிலிருந்து உடுப்பு எடுக்க அந்தச் சார்ஜண்ட் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உயரம். மெதுவாகப் பேசுவார், அவசரத்தில் பேசினால் எனக்கு விளங்காது என்று கண்டுபிடித்திருந்தார். நாங்கள் கதைத்தது இங்கிலீசில்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் என் தலைக்குள் எல்லாரும் எங்கள் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். அப்படியே எழுதுகிறேன்.

"இந்த மடிப்பை வைக்கிறது ஆர்?" என்று முதல்நாள் கேட்டார்.

"நான்தான், சேர்."

"என்ரை தாய் பாத்தால் உம்மைத் தத்தெடுத்துப்போடுவா. அவவும் மினுக்கிறவதான். வெள்ளைக்காரர் வீட்டு உடுப்பு. முப்பது வருஷம்."

வெட்கமேயில்லாமல் சொன்னார். நான் அக்கம்பக்கம் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று.

பிறகு வந்த வியாழன்களில் அந்தத் தாயைப் பற்றி இன்னும் சொன்னார். அவர்களுடைய ஊரில், பஸ்ஸில் கறுப்பர்களுக்குப் பின் இருக்கை என்ற சட்டத்தை மாற்றுவதற்காக ஒரு வருஷம் பஸ்ஸே ஏறாமல் விட்டார்களாம். தாயும் நடந்தே வேலைக்குப் போய் வந்தாராம். "சப்பாத்து மூண்டு சோடி தேஞ்சுது. சட்டமும் தேஞ்சுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் யார் எங்கே இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்க வந்தது. நினைக்காமல் விட்டேன்.

எழுபதாம் ஆண்டு வசந்தத்தில் இருவருக்கும் ஒரே கவலை வந்தது. அவருக்கு மனைவியையும் மகளையும் கூப்பிட வீடு வேண்டும். எனக்கும் மனைவியைக் கூப்பிட வீடு வேண்டும். வீட்டு ஒப்பந்தத்தைக் காட்டாமல் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை எடுக்கவே மாட்டார்கள். அடுத்த மாதம் அங்கே எனக்கொரு டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நாள், தந்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் திரும்ப வரிசையின் அடியிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு வருஷமாக மனைவியை நான் அறிந்தது நீலக் கடிதத்தாளில்தான்.

ஒரு வியாழன் சார்ஜண்ட் ஒரு வெள்ளைச் சட்டையைத் தனியாகக் கொண்டுவந்தார். "சனிக்கிழமை ஒரு வீடு பாக்கப் போறன். இதைக் கொஞ்சம் கவனமாச் செய்யும்."

நான் அந்தச் சட்டையை ஒரு கோயில் வேலைபோலச் செய்தேன். கழுத்துப்பட்டிக்கு மட்டும் கால்மணி நேரம்.

அதே சனிக்கிழமை பின்னேரம் புகையிலைக் கடைக் கண்ணாடியில் ஓர் அட்டை பார்த்தேன். இரண்டு அறை, சமைக்கக் குசினி, விலாசம். கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு மணிக்குப் போய் மணி அடித்தேன். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க விதவை. ஏப்ரன் கட்டியிருந்தார்.

"அமெரிக்கனோ?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா. சிலோன்."

"அப்ப நீர் ஆர்?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி ஒருவனைக் கேட்டால் அதற்கு ஒரு முறையான பதில் உண்டு. ஆரின் மகன், ஆரின் பேரன், எந்தக் கோயிலடி, எவ்வளவு காணி. கேட்டவர் அதை வைத்து உங்களை எங்கே இருத்துவது, எந்தப் பேணியில் தேத்தண்ணி தருவது என்று முடிவு செய்வார். அந்த ஜெர்மன் விதவை கேட்டதும் எனக்குள் அந்தப் பதில் தானாகவே வெளியே வந்தது. தகப்பனார் விதானையார், ஊருக்குத் தலைமை உத்தியோகம் என்றேன். புகையிலைத் தோட்டம் என்றேன். கோயிலில் எங்களுக்கு ஒரு நாள் திருவிழா உபயம் என்றேன். இதையெல்லாம் என்னுடைய ஜெர்மனில் சொன்னேன் என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அவருக்கு விளங்கியது தோட்டம் என்ற ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். அது போதுமாயிருந்தது. சங்கிலி கழன்றது.

"கோவிக்காதையும். காலமை ஒரு அமெரிக்கன் வந்தவன். கறுப்பன். வீடு வேறை ஆளுக்குப் போட்டுது எண்டு சொல்லிப்போட்டன்."

இந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பேசவேண்டிய இடங்களிலெல்லாம் வாய் திறக்காத மனிதன் நான். அன்று திறந்தேன்.

"சரியான வேலை செய்தியள், அம்மா. எங்கடை வீட்டிலையும் எல்லாரையும் உள்ளுக்கை விடுறேல்லை."

அவருடைய முகம் மலர்ந்தது. ஒழுங்கான மனிதன் என்று சொல்லிக் கோப்பி ஊற்றினார். நல்ல பூப்போட்ட கோப்பை. சீனி போடும்போது சொன்னார்: "ஆனா சொல்லக்கூடாது, அந்த ஆளின்ரை சட்டை என்ன மாதிரி மினுக்கியிருந்தது! கழுத்துப்பட்டியை நான் அப்பிடிப் பாத்ததேயில்லை."

எனக்கு முதலில் வந்தது பெருமை. அதை மறைக்கப்போவதில்லை. ஒரு மூச்சு எடுக்கிற நேரம் பெருமைப்பட்டேன். அதற்குப் பிறகுதான் யாருடைய சட்டை என்று விளங்கியது. கோப்பைக்குள் பார்த்தேன். பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். திறப்பு, வீட்டுச் சாவி, கைக்கு வந்தது. திங்கட்கிழமை என் தகரப் பெட்டியைக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்தேன், பஸ்ஸில் பிடித்த இடத்தில் துவாய்த் துண்டு போடுவது போல. மாதம் பிறந்ததும் குடிபோவதாக ஏற்பாடு.

அடுத்த வியாழன் அவர் வந்தார். நான் மேசையை விட்டு நிமிராமல் கேட்டேன், "வீடு சரிவந்துதோ, சேர்?"

"போட்டுதாம். அரை மணித்தியாலத்துக்கு முந்தித்தான் ஆரோ எடுத்தவையாம். ஆனா பின்னேரமும் கடைக் கண்ணாடியிலை அட்டை தொங்கினது." அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தெரு, இலக்கம், நேரம், சொன்ன சொல். அவருடையது மட்டுமல்ல, இன்னும் பல பேருடையது. "அடுத்த கிழமை முகாமிலை ஒரு அதிகாரி விசாரிக்கப் போறார். பொய் சொல்லுற வீட்டுக்காரரை முகாமின்ரை வாடகை வீட்டுப் பட்டியலிலை இருந்து வெட்டச் சொல்லிக் கேக்கிறம். எல்லாத்துக்கும் சாட்சி இருக்கு. இந்த ஒண்டுக்குத்தான் இல்லை. நான் வந்துபோன பிறகும் அந்த வீடு சும்மா கிடந்தது எண்டு பாத்த ஒரு ஆள் வேணும்."

என் கால்சட்டைப் பையில் அந்த வீட்டுத் திறப்பு இருந்தது.

"உங்கடை நாட்டிலை இப்பிடி இருக்கோ? ஆளைப் பாத்துக் கதவு பூட்டுறது?"

"இல்லை, சேர்" என்றேன். இவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

ஏதோ கருகும் மணம் வந்தது. மினுக்கிப் பெட்டியை ஒரு காக்கிச் சட்டையின் முதுகில் வைத்தபடியே நின்றிருந்தேன். முக்கோண வடிவில் எரிந்துபோயிருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கறிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"விசரே உனக்கு? சாட்சி சொல்லப் போறியோ? அவள் அடுத்த நாளே உன்னை வெளியாலை விடுவாள். வீடு போனால் டெர்மின் போகும். டெர்மின் போனால் பெண்சாதி? அந்தப் பிள்ளை அங்கை இருந்து கிழவியாகட்டும் எண்டோ?"

"அவரின்ரை பெண்சாதியும் அங்கைதானே, அண்ணை."

"அவனுக்கு ஒரு அரசாங்கம் இருக்கு. உனக்கு ஆர் இருக்கினம்? நானும் கொதிகலனும். கேள் தம்பி. இஞ்சை இருக்கிறவங்கள் எங்களை இன்னும் சரியா நிறுத்துப் பாக்கேல்லை. நீ போய் அவங்களோடை நிண்டால் எங்களையும் அந்தக் கணக்கிலை சேர்த்துப்போடுவாங்கள். கொஞ்சம் தள்ளி நிக்கிறதுதான் புத்தி. எங்களுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு."

"எங்கடை மரியாதை என்ன, அண்ணை? நான் உடுப்பு மினுக்கிறன். நீங்கள் கரி போடுறியள்."

"அது ஊருக்குத் தெரியாதே!" என்றார் அண்ணை.

கரண்டியைத் திரும்ப எடுத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தள்ளி நில் என்று சொல்லும் அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். வேலிக்கு உள்ளே நின்று நானே அதைப் பேசியிருக்கிறேன். வெளியே நின்று அதைக் கேட்பது இதுதான் முதல்தடவை.

இதை வாசித்துவிட்டு, உடனே எழுந்து நியாயத்தின் பக்கம் நடந்தேன் என்று நினைக்கவேண்டாம். ஆறு நாட்கள் படுக்கையில் புரண்டு, கடிதம் எழுதி, கிழித்து, மனைவியின் படத்தைப் பெட்டிக்குள் வைத்து, திரும்ப எடுத்து, வயிற்றுவலி என்று ஒருநாள் லீவும் போட்டேன். விசாரணை நாளான வியாழக்கிழமை சார்ஜண்ட் உடுப்பு எடுக்க வரும் நேரம் பார்த்து நான் நீராவி அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் என் மேசைக்கு முன்னால் நின்று, மினுக்கி அடுக்கியிருந்த சட்டைகளில் மேலே இருந்ததை எடுத்து, மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தப்பியிருப்பேன். அந்தத் தலையாட்டல்தான் என்னை முகாமுக்குக் கொண்டுபோனது.

மாலை ஆறு மணி. முகாமின் சிறிய ஆலயத்துக்குப் பக்கத்து மண்டபம். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, களைத்த முகம், கையில் பென்சில். தட்டச்சு செய்ய ஒரு பெண். சுவரோரம் பதினைந்து இருபது கறுப்புப் படையினர், எல்லாரும் நான் மினுக்கிய உடுப்பில். என்னைக் கண்டதும் சார்ஜண்ட் உடுப்புப் பற்றிய ஏதோ அலுவலாக வந்திருக்கிறேன் என்று நினைத்து, பிறகு வருகிறேன் என்று கையால் சைகை காட்டினார். நான் அந்த விலாசத்தைச் சொல்லி, அதற்குச் சாட்சி நான் என்றேன்.

எழுந்து நின்றதும் என் மூளையில் இருந்த இங்கிலீசு எல்லாம் ஓடிவிட்டது. மிஞ்சியது பள்ளிக்கூட விவாதப் போட்டிக்குப் பாடமாக்கியது ஒன்றுதான். எனவே அதையே தொடங்கினேன்: "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சீமாட்டிகளே, கனவான்களே." சீமாட்டி ஒருவர்தான். தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

அதன்பின் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. தகப்பனார் விதானையார் என்பதில் தொடங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள், நான் ஆர் என்று சொல்லாமல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. அதிகாரி பென்சிலை உயர்த்தினார்.

"ஐயா, நீர் நாலு மணிக்கு அங்கை போனீரோ?"

"ஓம், சேர்."

"வீடு சும்மா கிடந்ததோ?"

"ஓம், சேர்."

"எப்பிடித் தெரியும்?"

"நான்தான் அதை எடுத்தன், சேர்." திறப்பை மேசையில் வைத்தேன்.

மண்டபத்தில் கதிரைகள் அசைகிற சத்தம் கேட்டது. சார்ஜண்டின் பக்கம் நான் திரும்பவில்லை.

"நல்லது. அவ்வளவுதான். இருக்கலாம்" என்றார் அதிகாரி.

நான் இருக்கவில்லை. அந்த விதவையிடம் என்ன சொன்னேன் என்று சொன்னேன். எங்கள் வீட்டிலும் எல்லாரையும் உள்ளே விடுவதில்லை என்று சொன்னதை. கிணற்றைச் சொன்னேன், வாளி முட்டாமல் ஊற்றியதைச் சொன்னேன், வேலியில் கொழுவிய பேணியைச் சொன்னேன். எங்கள் நாட்டில் இப்படி இல்லை என்று சார்ஜண்டிடம் சொன்னது பொய் என்றேன். சொல்லச் சொல்ல வியர்த்தது. என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே உண்மையான சொற்பொழிவு அது.

தட்டச்சுப் பெண் கையை நிறுத்திவிட்டு அதிகாரியைக் கேட்டார்: "கிணத்தையும் அடிக்கோணுமோ?"

"தேவையில்லை. வீடு நாலு மணிக்குக் காலி. அதோடை நிப்பாட்டும்" என்றார் அவர்.

என் பாவமன்னிப்பு அரசாங்கப் பதிவேட்டில் ஏறவில்லை. அதனால்தான் இப்போது இங்கே ஏற்றுகிறேன்.

திறப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் நின்றேன். சார்ஜண்ட் பின்னால் வந்தார். முகாமின் வாசல் விளக்கைப் பார்த்தபடி கேட்டார்:

"என்ரை சட்டையை அவ பாத்தவவோ?"

"ஓம், சேர். கழுத்துப்பட்டியை அப்பிடிப் பாத்ததேயில்லை எண்டு சொன்னவ."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சந்தோஷச் சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் நீளமாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார். "அம்மாவுக்கு எழுதோணும். முப்பது வருஷம் மினுக்கினவவுக்கு இது விளங்கும்." பிறகு சிரிப்பில்லாமல் கேட்டார்: "உம்முடைய மனிசி எப்ப வாறா?"

"இனி வரமாட்டா, சேர். இப்போதைக்கு."

அவர் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கு நான் இன்றும் அவரை மதிக்கிறேன். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வியாழன் பன்ரண்டு சட்டை. கழுத்துப்பட்டிக்குக் கஞ்சி குறைச்சுப் போடும், கழுத்தை வெட்டுது."

மற்றதை முன்பே சொல்லிவிட்டேன். பொய் சொன்ன வீட்டுக்காரர்கள் முகாமின் பட்டியலில் இருந்து வெட்டப்பட்டார்கள். அதைப் பார்த்து மற்றச் சில கதவுகள் திறந்தன. கோடையில் அவருக்கு, தொடக்கத்தில் நான் சொன்ன அந்த மற்ற வீடு கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் போக, நான் வந்தேன், பிறகு என் மனைவி வந்தார், பிறகு நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் அந்நியம் போலாகிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். அவர் போகிற நாளில் அவருடைய சட்டைகளை அடுக்கிக் கொடுத்தேன், கைகுலுக்கினேன், அவ்வளவுதான். அடுத்த முறை பட்டியல் வாசிக்கும்போது அவரையும், பஸ் ஏறாமல் நடந்த அவருடைய தாயையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெயரை வெட்டினால் இடம் சரியாக இருக்கும்.

விசாரணைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து அந்த விதவையின் வீட்டுக்குப் போனேன். முகாமிலிருந்து காலையிலேயே அவரோடு பேசியிருந்தார்கள். என் தகரப் பெட்டி வாசற்படியில் இருந்தது. மணி அடித்தேன். கதவு திறக்கவில்லை. திறப்பைத் தபால் துவாரத்துக்குள் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். மனைவிக்குக் கடிதம் எழுதினேன். வீடு இல்லை என்றும், டெர்மினுக்குப் போகப்போவதில்லை என்றும், நான் வேலை செய்வது துணி ஆலையில் அல்ல, உடுப்புத் தோய்த்து மினுக்குகிற இடத்தில் என்றும் எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டேன். அண்ணை பருப்புக் காய்ச்சியிருந்தார். உப்புப் போட மறந்திருந்தார்.